வலைக் கயிறும் பாராசூட் படையும்

திருவள்ளூர் விடுதி, 1955

அன்புள்ள அப்பாவுக்கு, ஞானசுந்தரி வணக்கத்துடன் எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நலம். அம்மாவின் இருமல் தேவலையா?

பயப்படும்படி ஒன்றுமில்லை. பேச்சுப் போட்டியில், பாராசூட் படை ஒன்றே யுத்தத்தை ஜெயித்துவிடும் என்றான் ஆண்கள் பள்ளி மாணவன் ஒருவன். நான் மறுத்தேன். போன யுத்தத்தில் ஹாலந்தில் குதித்தவர்கள் பாலத்தைப் பிடித்தும், தரைப்படை வந்து சேராததால் இழந்தார்கள் என்றேன்.

"இன்னாமே, பழவேற்காட்டு மீன்காரப் பொண்ணுக்கு யுத்தம் தெரியுமா?" என்று சிரித்தான்.

"வலை வீசத் தெரியும். வீசிட்டுக் கவுத்தை உட்டுட்டா மீனும் இல்ல, வலையும் இல்ல. குதிக்கிறவனுக்குத் தரைப்படைதான் கவுறு. இதுகூடத் தெரியாம இன்னாத்துக்கு மேடை ஏறுன?" என்றேன்.

எல்லாரும் கைதட்டினார்கள். தலைமையாசிரியைக்குத்தான் கோபம். பெண்பிள்ளை இப்படிப் பேசலாமா, திங்கட்கிழமை எல்லார் முன்னும் மன்னிப்புக் கேள், இல்லாவிட்டால் வீட்டுக்குப் போ என்கிறார். நான் கேட்கமாட்டேன். சரியானதைத்தான் சொன்னேன்.

போன தடவை போல இறால் கூடையோடு வந்து எனக்காக நீங்கள் மன்னிப்புக் கேட்டுவிடாதீர்கள். என் மகள் சொன்னது சரி என்று மட்டும் சொல்லுங்கள். வரும்போது கொஞ்சம் கருவாடும், போர்த்திக்கொள்ள அம்மாவின் பழைய சேலை ஒன்றும் எடுத்துவாருங்கள்.

சாப்பாட்டு மணி அடித்துவிட்டது. நான் குதித்துவிட்டேன் அப்பா, நீங்கள் கயிற்றை விட்டுவிடாதீர்கள்.

உங்கள் மகள்
ஞானசுந்தரி