என்னிடமும் ஒரு கத்தி

அன்புள்ள அம்மாவுக்கு,

காட்டு முகாமுக்கு வந்த அன்றே பயிற்சியாளர் அக்கா ஆளுக்கொரு கத்தி கொடுத்தார். விறகு சீவ, கயிறு அறுக்க, காய் நறுக்க எல்லாவற்றுக்கும் அதுதான்.

"எனக்குமா?" என்று கேட்டேன்.

"பின்னே, நீ மட்டும் பல்லால அறுக்கப்போறியா?" என்றார்.

வீட்டில் காய் நறுக்கிய கையோடு, என் கையில் கிடைத்துவிடக் கூடாதென்று நீ கத்தியை அலமாரியில் வைத்துப் பூட்டுவது நினைவுக்கு வந்தது. கோபமில்லை அம்மா.

நேற்று ஆற்றைக் கடக்கும்போது நாங்கள் கட்டிய தெப்பம் கவிழ்ந்துவிட்டது. ஒட்டகம் என்று நாங்கள் கூப்பிடும் நெட்டையனின் காலில் கயிறு சுற்றிக்கொண்டது. அவனால் மேலே வர முடியவில்லை. பக்கத்தில் இருந்தது நான்தான். முங்கிப் போய்க் கயிற்றை அறுத்துவிட்டேன். கரையில் கிடந்து இருமிக்கொண்டே, "காலையும் சேத்து அறுத்துடுவியோன்னு பயந்துட்டேன்" என்றான். வயிறு வலிக்கச் சிரித்தேன். நான் அப்படிச் சிரித்து எவ்வளவு காலமாயிற்று என்று உனக்குத்தான் தெரியும்.

பயிற்சி முடியும்வரை இங்கேயே இருக்கிறேன்.

நான் இல்லாதபோதும் என் அறை வாசலில்தான் பாய் விரித்துப் படுக்கிறாயாம், தம்பி சொன்னான். எழுந்து உன் கட்டிலுக்குப் போ அம்மா. நிம்மதியாகத் தூங்கு.

உன் மகள்