எழும்பாத எட்டாவது சொட்டு

என் அன்புள்ள அனோஜா அக்காவுக்கு,

இதை யாருக்கும் காட்டிவிடாதீர்கள். ஹொஸ்டலில் பக்கத்துக் கட்டிலில் படுப்பவர்களுக்கு வேண்டாம், இந்தப் பார்சலைக் கொண்டுவரும் சுதர்ஷினி அக்காவுக்கும் வேண்டாம். அவர் காதில் விழுந்தது ஜோர்தானிலிருந்து நம் லயத்து வீடுகளுக்கு வொய்ஸ் மெசேஜில் திரும்பி வர ஐந்து நிமிஷம் போதும். வாசித்ததும் கிழித்துப் போட்டுவிடுங்கள். தேயிலைப் பக்கெட்டுக்கும் மாசிக் கருவாட்டுப் பொட்டலத்துக்கும் நடுவில் அம்மாவின் கடிதம் இருந்திருக்கும், அதுவும் என் கையெழுத்துதான், அம்மா சொல்லச் சொல்ல மாலையில் எழுதினேன். ஆண்டவர் கிருபையில் இங்கே எல்லோரும் நல்ல சுகம், நீ அங்கே நேரத்துக்குச் சாப்பிடு, தையல் மெஷினுக்கு முன்னால் தூங்கி விழாதே, தெரியாதவர்கள் கொடுக்கிற டொஃபியைக்கூட வாங்காதே என்றெல்லாம் அதில் இருக்கும். அந்த முதல் வரி மட்டும் உண்மையில்லை. அதைச் சொல்லி முடிப்பதற்குள் அம்மா மூன்று தடவை நிறுத்தி மூச்சு வாங்கினார். நான் அந்த இடங்களில் கமா போட்டுவிட்டு எழுதிக்கொண்டே போனேன்.

இப்போது அடுப்படியில் உட்கார்ந்து எழுதுகிறேன், கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டிருக்கிறேன். அம்மா அடுத்த அறையில் படுத்திருக்கிறார். அப்பாவுக்கு இந்த வாரம் தேயிலைப் பெக்டரியில் இரவுக் காவல், விடிந்துதான் வருவார். சுதர்ஷினி அக்கா விடியக்காலை நாலு மணிக்கு வேனில் ஏறுகிறார், அதற்குள் இதைப் பார்சலில் வைத்து ஒட்டிவிட வேண்டும்.

நீங்கள் போன பிறகு அம்மாவை மலையில் கொழுந்து பறிப்பதிலிருந்து எடுத்து பெக்டரியில் தூள் சலிக்கும் ரூமில் போட்டது உங்களுக்குத் தெரியும். அங்கே பறக்கும் தேயிலைப் பஞ்சு எப்படியென்று உங்களுக்குத் தெரியாது. வேலை முடிந்து வரும்போது அம்மாவின் புருவமும் காது மடலும் மண் நிறத்தில் இருக்கும். இரவில் நெஞ்சுக்குள் கேத்தல் கொதிக்கிறது போல ஒரு விசில். கேட்டால், பனி ஒத்துக்கல, வேற ஒண்ணுமில்ல, நீ படி என்பார். டிஸ்பென்சரியில் சளிக்குக் கொடுக்கிற சின்ன மஞ்சள் குளிசை இருக்கிறதே, அதை ஜாக்கெட் மடிப்பில் வைத்துக்கொண்டு காலையும் இரவும் விழுங்குகிறார். இதை அப்பாவிடம்கூடச் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார்.

திங்கட்கிழமை பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு வேன் வந்தது. ஒவ்வாமையும் வீசிங்கும் ஏன் வருகிறது என்று ஆராய்ச்சி செய்பவர்கள். அவர்களுக்குத் தோட்டத்துக் குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவைத்தான் ஒதுக்கிக் கொடுத்தார்கள், அதனால் நம் பெரிய ஆட்களெல்லாம் மூன்று வயதுப் பிள்ளைகளின் நாற்காலியில் முழங்கால் நெஞ்சில் இடிக்க உட்கார்ந்து, யானைப் படம் ஒட்டிய குட்டி மேசையில் கையை நீட்டியிருந்தார்கள். சிங்களம் நன்றாகத் தெரிந்த பிள்ளை வேண்டும் என்று கேட்டதில் ஸ்கூலிலிருந்து என்னை அனுப்பினார்கள். பெரிய டொக்டர் நிலந்தி மிஸ். என் தோள் உயரம்தான் இருப்பார், கால் தரையில் நில்லாமல் ஓடுவார், என்னைச் சொந்தத் தங்கையைப் போல நங்கி என்றுதான் கூப்பிடுவார்.

அக்கா, நான் பார்த்ததை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. முன்கையில் பேனாவால் எட்டுக் கோடு போட்டு, எட்டுச் சொட்டு வைப்பார்கள். ஒன்று வெறும் உப்புத் தண்ணீர், ஒன்று தலையணைத் தூசியில் வாழும் பூச்சி, ஒன்று கரப்பான், பூனை முடி, புல், பூஞ்சணம், ஏழாவது நம் பெக்டரிப் பஞ்சிலிருந்தே எடுத்தது. ஒவ்வொரு சொட்டின் மேலும் இரத்தம் வராத அளவுக்கு ஒரு குத்து. கால்மணி நேரம் சும்மா இருக்க வேண்டும். பிறகு பார்த்தால் சிலருடைய தோல் அந்த இடத்தில் மட்டும் நுளம்பு கடித்தது போல எழும்பி நிற்கிறது. எனக்கும் வைத்தார்கள். தலையணைப் பூச்சிக்கு எழும்பியது, அதுவும் என் கண்ணுக்கு முன்னாலேயே, உள்ளேயிருந்து யாரோ விரலால் தள்ளுவது போல. மிஸ் அந்தப் பூச்சியைக் கம்ப்யூட்டரில் காட்டினார், எட்டுக் கால், கண்ணே இல்லை, நம் உடம்பிலிருந்து உதிரும் தோலைத் தின்றே வாழுமாம். இத்தனை வருஷமாய் அதன் மேல் தலை வைத்துத் தூங்கியிருக்கிறேன். எனக்குத் தெரியவில்லை, என் கைக்குத் தெரிந்திருக்கிறது.

மிஸ் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். தோலுக்கு அடியிலும் மூச்சுக் குழாயிலும் சில கலங்கள் உள்ளே குட்டிக் குட்டிப் பைகளை நிரப்பி வைத்துக்கொண்டு காத்திருக்குமாம். அவற்றின் வெளிப்புறத்தில் பிறபொருளெதிரிகள் கொக்கி மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கும், ஒவ்வொரு கொக்கிக்கும் ஒரேயொரு பொருளைத்தான் அடையாளம் தெரியும். ஒரே துணுக்கை இரண்டு கொக்கி சேர்ந்து பிடித்துவிட்டால் பைகள் உடையும். தோலில் உடைந்தால் தடிப்பு, நெஞ்சில் உடைந்தால் இளைப்பு. இந்தக் கொக்கிகளை உடம்பு முதன்முதலில் புழுவை விரட்டத்தான் பழகியிருக்கும் என்று நினைக்கிறார்களாம். தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் புழு அதிகம் என்று ஸ்கூலில் குளிசை தருகிறார்களே, புழு குறைந்த பிறகு அந்தக் கொக்கிகள் என்ன செய்கின்றன என்று பார்க்கத்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறார்கள். அப்படியென்றால் புழு போனதால்தான் வீசிங் வருகிறதா என்று கேட்டேன். தெரியாது நங்கி, அதைத்தான் பதினாலு வருஷமாய்த் தேடுகிறேன் என்றார். தெரியாது என்பதைச் சந்தோஷமாகச் சொல்கிற ஒரு பெரிய ஆளை நான் அதுவரை பார்த்ததில்லை. அன்றைக்கு இரவு என் கையைத் தடவிக்கொண்டே படுத்திருந்தேன்.

மற்றவர்களுக்கு எல்லாம் விளையாட்டுதான். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிற அழகுமுத்து அண்ணனுக்குக் கரப்பான் சொட்டு பெரிதாக எழும்பியதும், மிஸ், வீட்டுல மாமியாவும் எனக்கு ஒத்துக்கல, அவங்களயும் ஒரு சொட்டு வச்சுப் பாருங்களேன் என்றார். அவருடைய மாமியார் பின்னாலேயே நின்றிருக்கிறார், முதல்ல ஒன்னய எவன் மேலயாச்சும் வச்சுப் பாக்கணும்டா, செத்துப் போவான் என்று சொன்னாரே பார்க்க வேண்டும். இதை நான் சிங்களத்தில் சொல்ல மிஸ் மேசையில் சாய்ந்து சிரித்தார்.

எட்டாவது சொட்டைப் பற்றி இப்போது சொல்ல வேண்டும். அது எந்தத் தூசியும் இல்லை. அந்தப் பைகளுக்குள் இருக்கிற பொருளேதான், அதனால் எல்லோருக்கும் எழும்ப வேண்டும். ஒருவருக்கு எழும்பவில்லை என்றால் அவர் மஞ்சள் குளிசை மாதிரி ஏதோ போட்டுத் தோலை அடக்கி வைத்திருக்கிறார் என்று அர்த்தம், மற்ற ஏழையும் நம்பக்கூடாது, அந்தத் தாளில் குறுக்குக் கோடு போட்டுவிட்டு ஒரு வாரம் கழித்துத் திரும்பக் கூப்பிட வேண்டும். எழும்பியதை அளந்து எழுதுகிற வேலை எனக்கு.

நேற்று பெக்டரி ஆட்களின் முறை. அன்றைக்குக் காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கிற பெரட்டுக் களத்தில் செல்லசாமி மாமா ஒரு கதையைக் கிளப்பிவிட்டிருக்கிறார், கை வீங்குறவங்கள எல்லாம் பெக்டரியிலருந்து எடுத்து மலைக்கு ஏத்தப் போறாங்களாம் என்று. அம்மா வந்து குட்டி நாற்காலியில் உட்கார்ந்தார். வீசிங் உண்டா என்று மிஸ் கேட்டதற்கு இல்லை என்றார், அதையும் நான்தான் சிங்களத்தில் சொன்னேன். கால்மணி நேரம் கழித்து ஸ்கேலை எடுத்துக்கொண்டு போனால் அம்மாவின் கை மொழுமொழுவென்று இருக்கிறது. எட்டுக் கோடு, எட்டுச் சொட்டு, ஒன்றும் எழும்பவில்லை. எட்டாவதும் எழும்பவில்லை. காலையில் இரண்டு குளிசை போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். அப்பாவுக்கும் டிஸ்பென்சரி ஐயாவுக்கும் தெரியாததை ஒரு சொட்டு தெரிந்து வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தது. அம்மா என் முகத்தையே பார்த்தார். நான் எட்டாவது கட்டத்தில் ஐந்து மில்லிமீற்றர் என்று எழுதிவிட்டேன். மிஸ் அடுத்த மேசையிலிருந்து அவசரமாக வந்து தாளை மட்டும் பார்த்துவிட்டு, நல்லது அம்மா, உங்களுக்கு ஒன்றுக்கும் ஒவ்வாமை இல்லை என்று கையெழுத்துப் போட்டார்.

பிறகு மிஸ்ஸிடம் சுற்றி வளைத்துக் கேட்டேன். தாளில் இலக்கம் மட்டும்தான், பெயர் எதுவும் தோட்டத்துக்குப் போகாது, வீங்கியவர்களுக்கு ஆஸ்பத்திரி கிளினிக்கில் வாயில் வைத்து இழுக்கிற பம்ப் கொடுக்க ஏற்பாடு செய்கிறோம், அவ்வளவுதான் என்றார். மஞ்சள் குளிசை மூச்சுக்கு உதவுமா என்றும் கேட்டேன். அது தோலைத்தான் அடக்கும், நெஞ்சைத் திறக்காது, அதை நம்பிக்கொண்டு இருந்தவர்கள் இரவோடு இரவாகச் செத்துப்போயிருக்கிறார்கள் என்றார். என்னை ஏன் இப்படிப் பார்க்கிறாய் என்றும் கேட்டார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாம் சொன்னேன். அப்புடித்தான் சொல்லுவாங்க என்றார். பிறகு, மலையில போட்டா ஒரு வாரத்துல முடிஞ்சிருவேன் பாப்பா, தூசியில கெடந்தா இன்னும் கொஞ்ச நாளு ஓடும், அக்கா வர்ற வரைக்குமாவது ஓடும் என்றார். அக்கா, அம்மா கணக்குப் போட்டு வைத்திருக்கிறார். எவ்வளவு நாள் என்று அவருக்கே தெரிகிறது.

நான் எழுதிய ஐந்து அந்தத் தாளில் இருக்கிறது. அதை நாளைக்குக் கம்ப்யூட்டரில் ஏற்றுவார்கள், பதினாலு வருஷம் தேடுகிறவரின் எண்களுக்கு நடுவில் என்னுடைய பொய்யும் ஒன்றாய்ப் போய் உட்காரும். சலிக்கும் ரூமில் நாள் முழுக்க நிற்கிற ஒரு அம்மாவுக்கு ஒன்றும் இல்லை என்று அது சொல்லும். காலை எட்டு மணிக்கு வீங்கியவர்களை மட்டும் கூப்பிட்டு, மூச்சின் பலத்தை அளக்கிற குழாயில் ஊதச் சொல்வார்கள், மத்தியானம் வேன் போய்விடும். நான் ஏழரைக்கே போய் மிஸ்ஸிடம் சொல்லிவிடப் போகிறேன். என்னை இனி நங்கி என்று கூப்பிடமாட்டார். சத்தியத்தை மீறினதற்கு அம்மாவும் பேசமாட்டார். ஆனால் அம்மா அந்தக் குழாயில் ஒரு தடவை ஊதினால் போதும், அதற்குப் பிறகு நான் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்காது. உங்களிடம் கேட்டுச் செய்ய நேரமில்லை, அதனால் சொல்லிவிட்டுச் செய்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் கோல் எடுக்கும்போது அம்மாவைத் திட்டாதீர்கள். நீங்கள் சொன்னால்தான் கேட்பார், அதனால் பம்ப் ஒன்றும் சாகப்போகிறவர்களுக்குக் கொடுக்கிற மருந்து இல்லை, அங்கே உங்களோடு தைக்கிற பிள்ளைகளும் வைத்திருக்கிறார்கள் என்று மட்டும் சொல்லுங்கள். உங்களுக்கும் துணிப் பஞ்சில் வேலை, காலையில் நெஞ்சை அடைத்தால் மறைக்காமல் எனக்கு எழுதுங்கள். தலையணையை வாரத்துக்கு ஒரு தடவை வெயிலில் போடுங்கள், அங்கேதான் நம் ஊரில் கிடைக்காத வெயில் இருக்கிறதே. ஆண்டவர் உங்கள் மூச்சையும் கையையும் காத்து

கதவைத் தட்டுகிறார்கள். அப்பா இந்நேரம் வரமாட்டார். அம்மா என்றால் பாப்பா என்று கூப்பிடுவாரே ஒழியத் தட்டுவதில்லை. திரும்பவும் தட்டுகிறார்கள், பலமில்லாமல். அக்கா, அம்மாதான், கூப்பிட மூச்சு