மாடிக்குப் போன தட்டு

என் கண்ணு,

நீ கோபித்துக்கொண்டு போன பிறகு டாடியைப் பற்றி உனக்கு எழுதவே கூடாது என்றுதான் இருந்தேன். இன்று எழுதாமல் இருக்க முடியவில்லை.

மாடி வீட்டு நிஷா தண்ணீர்த் தொட்டியில் ஏதோ கலக்கிறாள் என்று இன்னமும்தான் நம்புகிறார். நீ தண்ணீரைச் சோதித்து ரிப்போர்ட்டைக் காட்டினாய். லேபையும் அவள் கைக்குள் போட்டுக்கொண்டாள் என்றார். லஸ் பக்கத்து மனநல டாக்டரம்மா என்னிடம் சொன்னது வேறு: "வாதாடாதீங்க, ஆமான்னும் சொல்லாதீங்க. பயமா இருக்கான்னு மட்டும் கேளுங்க." அப்படித்தான் கேட்கிறேன். மாத்திரையை விடாமல் போடுகிறார். நன்றாகத் தூங்குகிறார். மாடியைப் பார்த்துக் கத்துவதில்லை.

தீபாவளிக்கு நிஷா அதிரசம் கொடுத்தனுப்பினாள். போன வருஷம் தட்டோடு குப்பையில் போட்டவர், இந்த முறை தொடவில்லை, அவ்வளவுதான். நான் சாப்பிட்டேன். "உனக்கு ஒண்ணும் பண்ணலையே?" என்று பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

இன்று காலை தட்டைக் கழுவித் திருப்பிக் கொடுக்கக் கிளம்பினேன். வாசலில் மறித்தார்.

"அவ கலக்குறா, அது வேற. அதுக்காகத் தட்டைக் காலியாவா அனுப்புவ?"

சர்க்கரை டப்பாவைத் திறந்து, ஒரு கை அள்ளித் தட்டில் போட்டார்.

கிறிஸ்துமஸுக்கு வா. ரிப்போர்ட் எதுவும் வேண்டாம். நீ வெறுங்கையோடு வா, போதும்.

உன் மம்மி