ரப்பர் தண்டும் அக்ரிலிக் தண்டும்

எனக்கு எழுத்து வராது என்று சிரித்தவளுக்கு,

பார்த்தாயா, எழுதிவிட்டேன்! மகள் ஊர் ஆஸ்பத்திரியில் நடந்த தொண்டை ஆபரேஷனுக்குப் பிறகு உன்னால் போனில் பேச முடியாது என்று அவள் சொன்னதுமே முதியோர் எழுத்தறிவு வகுப்பில் போய் உட்கார்ந்தேன்.

வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. இதை எழுதும்போதே எழுந்து எழுந்து வாசலுக்குப் போகிறேன். புகைக்கும் பைப்பில் வாயில் வைக்கிற ரப்பர் தண்டு பச்சையேறிக் கசந்தது. சுத்தமாகட்டும் என்று கொதிக்கிற தண்ணீரில் போட்டேன். அழகாக வளைந்திருந்தது, விறைத்து நிமிர்ந்துவிட்டது.

பைப் பழுதுபார்ப்பவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"பெரியவரே, ரப்பரை வெந்நீர்ல குளிப்பாட்டலாமா? வெயில் படாம வச்சு, துணியால துடைச்சாலே போதும். அக்ரிலிக் பிளாஸ்டிக்னா இந்தத் தொல்லையே இல்ல, பளபளன்னு இருக்கும். ஆனா உங்க ஆடுற பல்லுக்குக் கல்லைக் கடிச்ச மாதிரி இருக்கும். எதை மாட்டட்டும்?"

"எதுவும் வேணாம்யா. வீட்டுக்காரிக்குக் குரல் வரட்டும். அவ வாயால சொன்னா மாட்டிக்கலாம்."

"அந்தம்மா எங்க சொல்லப் போறாங்க? திட்டத்தான் செய்வாங்க!"

"திட்டட்டுமே!" என்று பைப்பை அவரிடமே விட்டு வந்தேன்.

குரல் திரும்பும் என்று டாக்டர் நிச்சயமாகச் சொன்னாரா? மகள் மழுப்புகிறாள். நீயே ஒரு வரி எழுது. யார் உதவியும் இல்லாமல் படித்துக்கொள்வேன்.

வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும்
உன் வீட்டுக்காரன்