லிஸ்டில் வந்த வீடு

அக்கா,

சிவப்புப் பெயின்ட் வாசனை இன்னும் போகவில்லை. உன் வீட்டு முன்சுவரில் ஒரு கோடும் ஒரு எண்ணும் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். ஒரகடம் கம்பெனிகளுக்குப் போகிற லாரிகளுக்கு ரோடு போதவில்லையாம், அகலப்படுத்துகிறார்களாம். எடுக்கப்போகும் வீடுகளின் லிஸ்டை நம் மண்ணூரில் ஒட்டியபோது என்னைத்தான் முதலில் கூப்பிட்டுக் காட்டினார்கள். இந்த ஊரில் என்னைக் கேட்காமல் எதுவும் நடக்காது என்று உனக்கே தெரியும். இது நடந்துவிட்டது.

அந்த வாசனையோடு சுவரைப் பார்த்து நின்றபோது உன் லண்டன் வீடு ஞாபகம் வந்தது. அது லண்டன் இல்லை, அங்கிருந்து ரயிலில் போக வேண்டும் என்று நீ எத்தனையோ முறை திருத்தினாய். ஊரில் நான் லண்டன் என்றே சொல்லிவிட்டேன், இனி மாற்ற முடியாது.

உன் மகள் பாப்பாவுக்கு அங்கே நர்ஸ் வேலை கிடைத்து, தன் குழந்தையைப் பார்த்துக்கொள்ள உன்னையும் கூட்டிப்போன புதிதில் நீ போன் செய்தாய். “டேய், நாங்க கீற வூடு லிஸ்ட்ல கீதாம்டா” என்றாய்.

நம் பக்கத்தில் ஒரு வீடு லிஸ்டில் வந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தானே? “அய்யய்யோ, எப்பக்கா இடிக்கிறாங்க? நீ ஒன்னும் பயப்படாத, வக்கீலை இட்டுகினு நானே வரேன்” என்றேன். நீ சிரித்த சிரிப்பில் போன் கீழே விழுந்து, பாப்பா எடுத்து விளக்கினாள். அந்த ஊரில் பழைய வீட்டை லிஸ்டில் சேர்த்தால் யாரும் அதைத் தொடக்கூடாதாம். சொந்தக்காரனே ஆனாலும் ஒரு ஜன்னலை மாற்ற அனுமதி வாங்க வேண்டுமாம். அதற்குள் நான் போனும் கையுமாக வாசலுக்கு ஓடி, உன் வீடு போய்விட்டதென்று தெரு முழுக்கச் சொல்லி, எதிர்வீட்டு அண்ணி துக்கம் விசாரிக்கவே வந்துவிட்டாள்.

பிறகு நீ போனைத் திருப்பித் திருப்பி அந்த வீட்டைக் காட்டினாய். தீப்பெட்டியை நெட்டுக்குத்தலாக நிறுத்தி, இரண்டு பக்கமும் அதே மாதிரித் தீப்பெட்டிகளை ஒட்டியதுபோல ஒரு வரிசை. தெருவுக்குக் கீழே பள்ளத்தில் சமையலறை, அதைச் சுற்றி இரும்புக் கம்பி. வாசற்கதவுக்கு மேலே விசிறியை விரித்து வைத்ததுபோலக் கண்ணாடி. ஜன்னல் கதவு பக்கவாட்டில் திறக்காமல் மேலும் கீழும் போனது. சட்டத்துக்குள்ளே கயிறும் இரும்புக் குண்டும் ஒளிந்திருந்தன. பக்கச் சுவரில் ஒரு ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்து, வெளியே சட்டத்தை மட்டும் விட்டிருந்தார்கள். ஜன்னலுக்கு வரி போட்ட காலத்தில் அடைத்ததாம். நான் அதற்குள் ஒரு ராஜா புதையல் வைத்திருந்ததாகத்தான் இங்கே சொன்னேன்.

“நான் ஒரகடத்துல ஏத்தின ஷெட்டுங்களுக்கு முன்னால இதெல்லாம் கோழிக்கூடுக்கா” என்றேன்.

“கோழிக்கூடுதான்டா. ஆனா இருநூறு வருசமா நிக்குது. நீ ஏத்துன ஷெட்டு ஆடிக் காத்துக்கே பறந்துச்சே, அத இன்னான்ற?” என்றாய்.

மேலே போகப் போக அந்த வீட்டின் ஜன்னல்கள் சின்னதாகிக்கொண்டே வந்தன. கீழே ஆள் உயரம். நீங்கள் வாடகைக்கு இருந்த உச்சி மாடியில் உன் முகம்தான் அடங்கும். “வேலைக்காரங்க பட்த்துகினு இருந்த ரூம்டா. அவங்களுக்கு இன்னாத்துக்கு வெளிச்சம்னு விட்டுட்டானுங்க” என்று நீ சொன்னபோது சிரித்தேன். உன் முழங்கால் போன பிறகு சிரிக்க முடியவில்லை. படி குறுகல், அதிலும் திருகல். சுவரோரம் ஒரு கைப்பிடி வைத்துத் தரச் சொல்லி வீட்டுக்காரரிடம் பாப்பா கேட்டாள். லிஸ்டில் உள்ள வீடு, எழுதிக் கேட்டுப் பதில் வர வேண்டும் என்றாராம். பதில் வருவதற்குள் உனக்குக் கைப்பிடி தேவைப்படாமல் போய்விட்டது.

நீ கண்ணை மூடுவதற்கு முன் கடைசியாகப் பேசியபோது, “என்ன ஊருக்கு இட்டுகினு போய்டுடா. என் வூட்ல தரையில பட்த்தா போதும்” என்றாய். நீ இருந்த உடம்புக்கு விமானம் ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். உனக்கும் அது தெரியும். அப்புறம், “வூட்டையாச்சும் பாத்துக்கடா” என்றாய்.

“உன் வூட்டு மேல எவன் கைய வெக்கிறான்னு பாக்கறேன். கலெக்டரே வந்தாலும் என்னத் தாண்டித்தான் வரணும்” என்றேன்.

கலெக்டர் வரவில்லை அக்கா. பெயின்ட் டப்பாவோடு இரண்டு பேர் வந்தார்கள். நான் அப்போது சோறு தின்றுகொண்டிருந்தேன்.

மறுநாள் சலவை வேட்டி கட்டிக்கொண்டு தாலுகா ஆபீசுக்குப் போனேன். “சார், லண்டன்ல பழைய வூடு லிஸ்ட்ல வந்தா ஒரு ஆணி கூட அடிக்க வுட மாட்டான்” என்று ஆரம்பித்தேன். அதிகாரி நிமிர்ந்து பார்த்தார்.

“உங்க வீடு எத்தன வருஷம் பழசு?”

“இருநூறு வருசம் சார்.”

“பெரியவரே, பைல்ல இருக்கற போட்டோவுல கான்கிரீட் மெத்தத் தளம் தெரியுது.”

“எங்க அக்கா கட்டுனது சார்” என்றேன்.

“அங்க லிஸ்ட்ல இருக்கறதத் தொட மாட்டாங்க. இங்க லிஸ்ட்ல இல்லாதத நாங்க தொட மாட்டோம். நான் இன்னா பண்ணட்டும், சொல்லுங்க” என்று டீ வரவழைத்துக் கொடுத்தார். திட்டிவிட்டு வரவாவது ஒரு கெட்டவன் வேண்டாமா? டீயைக் குடித்துவிட்டு வந்தேன்.

உன் வீட்டில் வாடகைக்கு இருந்த திருநெல்வேலிப் பையன்கள் நேற்றுப் பெட்டி படுக்கையோடு குன்றத்தூருக்குக் கிளம்பினார்கள். ஒருவன் கம்பெனி பேக்கைத் தோளில் மாட்டிக்கொண்டே, “அண்ணாச்சி, எப்பவும் லண்டன் வீட்டப் பத்தியே சொல்லுதிய. இந்த வீட்ட யாரு கெட்டுனா? எப்பிடி இருந்துச்சின்னு நாளைக்கு யாரு சொல்லுவா?” என்றான்.

லண்டன் வீட்டின் நாலு மாடியை அவர்களிடம் ஏழாக்கியவன் நான். உன் வீட்டைப் பற்றிச் சொல்ல வந்தபோது அப்படிக் கூட்டிச் சொல்லத் தோன்றவில்லை. இரண்டு ரூம், ஒரு சமையல்கட்டு, கிழக்குப் பார்த்த வாசல். மாடி எடுக்க வேண்டும் என்று மெத்தைத் தளத்தில் கம்பி விட்டு வைத்தாய், மாடி எழும்பவில்லை, கம்பி துருப்பிடித்து நிற்கிறது. சமையல்கட்டு ஜன்னல் மழைக்காலத்தில் உப்பிக்கொண்டு சாத்தாது. இவ்வளவுதான் சொன்னேன். அவன் இன்னும் ஏதோ வரும் என்று நின்று பார்த்துவிட்டுப் போனான்.

இடிக்கிற மிஷின் எப்போது வருமென்று தெரியவில்லை. வந்து போன பிறகும், கேட்கிறவர்களிடம் இதைத்தான் சொல்வேன் அக்கா. ஒரு செங்கலைக்கூடக் கூட்டிச் சொல்லமாட்டேன். கூட்டினால் அது வேறு யாருடைய வீடாகவோ ஆகிவிடும்.