மேசைக்கடியில் பகடை

1927 பிப்ரவரி 8
துறைத்தலைவர் என் கட்டுரையைப் பிரிக்காமலே திருப்பித் தந்தார். "சீட்டாட்டமெல்லாம் ஒரு கணிதமாம்மா? உருப்படியா ஏதாவது செய்யுங்க."
செய்துகொண்டுதான் இருக்கிறேன்.

பிப்ரவரி 13
அக்காவோடு சீட்டு. கையில் ஒன்றுமில்லாதபோது இருப்பதாக எப்போது பாசாங்கு செய்வது? எப்போதும் செய்தால் கண்டுபிடித்துவிடுவாள், செய்யாவிட்டாலும்தான். எத்தனை முறைக்கு ஒருமுறை என்பதை மட்டும் கணக்கிட்டுவிட்டு, இந்த முறையா இல்லையா என்பதைத் தீர்மானிக்க மேசைக்கடியில் பகடை உருட்டினேன்.
"உன் மூஞ்சியப் பாத்தா ஒண்ணும் தெரியலையேடி!"
எனக்கே தெரியாதது மூஞ்சியில் எப்படித் தெரியும்?

மார்ச் 2
இருவர் ஆடும், ஆளுக்கு மூன்று வழிகள் உள்ள ஆட்டத்துக்கு நிரூபித்துவிட்டேன். எதிராளி என் கணக்கை முழுக்க அறிந்தாலும், ஓர் அளவுக்குமேல் என்னிடம் பிடுங்க முடியாது. எத்தனை வழிகள் இருந்தாலும் இது உண்மை என்று உள்மனம் சொல்கிறது. உள்மனம் சொல்வது நிரூபணமா?

மார்ச் 19
"மாநாட்டுல இத வாசிச்சீங்கன்னா அடுத்த வருஷம் இங்க வேலை இல்ல," என்றார் துறைத்தலைவர்.
"சரி சார்."
"சரின்னா?"
"வாசிக்கிறேன்னு அர்த்தம்."

மார்ச் 27
வாசித்தேன். பின்வரிசையில் ஒருவர், "ஜெயிக்க வழி சொல்லுங்கம்மா, சாயங்காலம் கிளப்புக்குப் போகணும்!" ஒரே சிரிப்பு.
எங்கள் துறைத்தலைவர் எழுந்தார். "வழிகள் கூடினா இது பொய்யாயிடும்."
"ஆகாது."
"நிரூபணம்?"
"இன்னும் இல்ல. ஆனா பொய்யாகாது."
மறுபடி சிரிப்பு. மீதிப் பக்கங்களையும் வாசித்து முடித்தேன்.

ஜூன் 6
வேலை போயிற்று. போகட்டும்.

1928 டிசம்பர் 12
இப்போது பாடம் நடத்தும் பள்ளிக்கூடத்திலிருந்து வரும் வழியில் நூலகத்தில் புதிய ஆய்விதழ் பார்த்தேன். எத்தனை வழிகள் இருந்தாலும் உண்மைதான் — வேறொரு நாட்டில் யாரோ நிரூபித்துவிட்டார். அங்கேயே உட்கார்ந்து அழுதேன். வயிறு எரியுது, பொய் சொல்வானேன்? கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தேன். என்ன அழகா இருக்கு, பாழாப்போனது!

1929 ஜனவரி 20
துறைத்தலைவர் தம் உதவியாளரை வீட்டுக்கு அனுப்பியிருந்தார். "நீங்க அன்னிக்குச் சொன்னது சரிதானாம். திரும்பி வரச் சொன்னார். ஆனா வேற தலைப்பு எடுத்துக்கணுமாம்."
"ஆட்டத்த விட்டுட்டு வரமாட்டேன்னு சொல்லிடுங்க."
அவர் தயங்கி நின்றார். "அம்மா, யோசிச்சு..."
"யோசிச்சுட்டேன்."
அவர் போனதும் அத்தானையும் ஆட்டத்துக்கு இழுத்தேன். அக்காவும் அவரும் கண்ஜாடையில் கூட்டுச் சேர்ந்து என்னைக் கவிழ்த்தார்கள். இருவர் ஆட்டத்தில் இந்தத் துரோகத்துக்கு இடமே இல்லை! எந்தக் கூட்டு நிலைக்கும், எது உடையும்?
அவர்கள் இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். நான் வெள்ளைத்தாள் தேடுகிறேன்.