வண்டலூர்க் காட்டில் கல்லான நாள்

இன்று காலை எங்கள் அடுக்குமாடியின் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் கட்டியிருந்த தேன்கூட்டுக்குப் புகை போட்டார்கள். ஜன்னல்களை மூடச் சொன்னார்கள், மூடினேன். கண்ணாடிக்கு வெளியே அந்த ரீங்காரம் எழுந்ததும் கையிலிருந்த காப்பி தளும்பிச் சேலையில் கொட்டியது. இந்த வயதிலும் ஒரு சத்தத்துக்கு நடுங்குகிறேன் என்று தெரிந்தால் நீ விழுந்து விழுந்து சிரித்திருப்பாய். சிரிக்க நீ இல்லை. அதனால் உனக்கே எழுதுகிறேன்.

கிழக்குத் தாம்பரத்தில் உன் வீட்டு முன்னறையில் நீ மழலைப் பள்ளி நடத்திவந்த, எண்பதுகளின் கடைசி வருடங்கள் அவை. என் கணவர் இறந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. எனக்கு மிஞ்சியிருந்தவள் ஷீலா ஒருத்திதான். நான்கு வயது. வகுப்பில் வாய் திறக்க மாட்டாள். என் முந்தானையிலிருந்து விரலை எடுக்க மாட்டாள். என் மகளைப் பயந்தாங்கொள்ளி என்று எவரும் சொல்ல நான் விட்டதில்லை. கூச்ச சுபாவம் என்பேன். நீ மட்டும் முகத்துக்கு நேரே கேட்டாய்: "கூச்சம் அவளுக்கா, பயம் உனக்கா?"

உன் வைத்தியம் காடு. வெள்ளிக்கிழமைதோறும் பிள்ளைகளை மின்சார ரயிலில் ஏற்றி வண்டலூருக்குக் கூட்டிப்போவாய். ஸ்டேஷனிலிருந்து காப்புக்காட்டின் ஓரம்வரை நடை. கள்ளி முள்ளைத் தொட்டுப் பார்க்கச் சொல்வாய். பாறையில் ஏறச் சொல்வாய். விழுந்த பிள்ளையைத் தூக்காமல், அது தானே எழுந்திருக்கக் காத்திருப்பாய். ஷீலா தனியே வர மாட்டாள் என்பதால் நானும் வந்தேன். பாம்பு, தேள், பாழுங்கிணறு என்று வழியெல்லாம் அவற்றைத்தான் தேடிக்கொண்டு நடந்தேன்.

சுள்ளி பொறுக்க வந்த அம்மாள் ஒருத்தி நம்மைப் பார்த்துச் சிரித்தாள். "இன்னாம்மா, ஆட்டுக்குட்டி மாதிரி கொயந்தைங்கள மேய்ச்சிகினு கீறீங்க!"

"ஆமாம்மா, இந்தப் பெரிய ஆடுதான் மேய மாட்டேங்குது" என்று என்னைக் காட்டினாய்.

வகுப்பறையில் நீ பழக்கியிருந்த ஒரு விளையாட்டு உண்டு. நீ "கல்லு" என்றதும் பிள்ளைகள் அப்படியே குந்தி, சத்தமில்லாமல், அசையாமல் கல்லாகிவிட வேண்டும். வெறும் விளையாட்டு என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை, பருந்து ஏதாவது தேன்கூட்டைத் தட்டியதோ என்னவோ, பாறைக்குப் பின்னாலிருந்து மலைத்தேனீக்கள் கும்பலாக எழுந்து நம் பக்கம் வந்தன. "கல்லு" என்றாய், குரலை உயர்த்தாமல். பிள்ளைகள் குந்தினார்கள். நான் மட்டும் நின்றேன். நான் படித்த கான்வென்ட்டில் கன்னியாஸ்திரிகள் எனக்கு நிமிர்ந்து நிற்கத்தான் கற்றுக்கொடுத்திருந்தார்கள். அலறுவதற்கு வாய் திறந்துவிட்டது.

யாரோ முந்தானையைச் சுண்டி இழுத்தார்கள். மண்டியிட்டு விழுந்தேன். ஷீலாவின் உள்ளங்கை என் வாயை மூடியது. "அம்மா, கல்லு. நீயும் கல்லு" என்று காதுக்குள் ஊதினாள். தலைக்கு மேலே காற்றே இரைந்தது. ஒரு தேனீ அவளுடைய புறங்கையில், என் மூக்குக்கு நேரே, வந்து உட்கார்ந்தது. நடந்தது. நின்றது. ஆண்டவரே, இவளையும் எடுத்துக்கொள்ளாதேயும் என்று உள்ளுக்குள் கதறினேன். அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கை அசையவில்லை.

தேனீ பறந்தது. கூட்டமும் கடந்துபோனது. எழுந்தபோது உன் முகமும் வெளுத்துத்தான் இருந்தது. ஆனாலும் உன் வாய் சும்மா இருக்குமா?

"பொண்ணு பாஸ். அம்மா ஃபெயில்."

"போதும். இனிமே அவள அனுப்ப மாட்டேன்."

"நான் வருவேன், மிஸ்!"

பிள்ளைகள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஷீலாவுக்கு இவ்வளவு பெரிய குரல் உண்டென்று அதுவரை எவருக்கும் தெரியாது. எனக்கும்தான். நீ என்னைப் பார்த்தாய். அடுத்த வெள்ளிக்கிழமை அவளை உன்னோடு ரயிலேற்றிவிட்டு, நீங்கள் திரும்பும்வரை தாம்பரம் பிளாட்பாரத்திலேயே, ஜெபமாலையோடு உட்கார்ந்திருந்தேன்.

இப்போது அவள் வேலைக்காகத் தனியே ஊர் ஊராகக் காரோட்டிப் போகிறாள். புறப்படும் முன் போன் செய்வாள். ஒவ்வொரு முறையும் 'வேண்டாம்' என்று சொல்ல வாயெடுக்கிறேன். மண்ணும் களாப்பழமும் வேர்வையும் மணக்கும் அந்தச் சின்ன உள்ளங்கை வந்து மூடிவிடுகிறது. "சரிம்மா, போய்ட்டு வா" என்கிறேன். அவள் போனை வைத்த பிறகும் வெகுநேரம் நான் வைப்பதில்லை.